வாழைப்பழ மாமி

கமராவைக் கதவு மூலையில் வைத்தால் அம்மாவின் கட்டிலும் சாமித் தட்டும் குசினி வாசலும் படத்தில் விழும். யன்னலுக்கு எதிரே வைத்தால் பத்து மணிக்குப் பிறகு எல்லாம் கறுத்துப் போய்விடும். நான் சாப்பிடுகிற கதிரை எங்கே வைத்தாலும் பாதிதான் விழும். பாதி போதும். ஒரு கையும் பீங்கானும் தெரிந்தால், அங்கே ஒரு ஆள் இருக்கிறாள் என்று விளங்கிக்கொள்வார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டே கேதீஸ்வரி கதிரையை ஒரு சாண் அளவு இழுத்து வைத்தாள். உடனே வெட்கமாக இருந்தது. திரும்பவும் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. அவள் வேலை பார்க்கிற ஊர் நூலகம் பூட்டியிருந்தது. கனடாவில் இருக்கிற தம்பி ரதீஸ், வீட்டுக்குள் கமரா பூட்ட ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். அம்மா இறந்து நாற்பத்தேழு நாள். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் சட்டிபானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகு, இந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

"நீ தனிய இருக்கிறாய் அக்கா. கமரா ஒண்டு இருந்தா நாங்க பக்கத்தில இருக்கிற மாதிரி" என்று ரதீஸ் சொன்னபோது அவள் "ஓம்" என்றாள். யோசிக்காமல் சொன்ன ஓம் அல்ல அது. அதற்கு இரண்டு நாள் முன்னர், கூனி இறாலைச் சுண்டிச் சோற்றோடு சாப்பிட்டு முடித்து, பீங்கானைக் கழுவும்போதுதான் கறிக்கு உப்புப் போடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. உப்பில்லாததைக் கடைசி வாய் வரைக்கும் தின்றிருக்கிறாள். அம்மா என்றால் முதல் வாயிலேயே பீங்கானைத் தள்ளியிருப்பாள். குழாயடியில் ஈரக் கையோடு நின்றபோது, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். பேச வேண்டாம். பார்த்தால் போதும்.

அதனால் இன்று ஹோலைக் கூட்டித் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்து, தலை வாரி, நூலகத்துக்குக் கட்டுகிற சேலைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"தங்கச்சி, நாய் கட்டிரிக்கா?"

படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தோளில் ஒரு பையும் கையில் சின்னப் பெட்டியுமாகக் கோணாமலை நின்றார். அறுபது வயதுக்கு வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. மற்றப்படி அதே ஆள்.

"நாய் செத்து நாலு வருசம் அண்ணன்."

"தெரியும் புள்ள. எண்டாலும் கேட்டுத்தான் உள்ளுக்க வாறது. அது கடிச்ச இடம் மழைக்கு இப்பவும் உளையுது."

"ஒவ்வொரு முறையும் புதுசா ஒண்டத் தூக்கிக்கிட்டு வந்தா நாய் கடிக்காம என்ன செய்யும்?"

"அதுவும் சரிதான். கண்ணாடியில பாத்தா எனக்கே என்னைக் கடிக்கத்தான் மனம் வருது."

அவள் சிரித்தாள். நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. தொண்டையில் எங்கோ தட்டி, இருமல் போல வெளியே வந்தது.

அவர் சொன்னது சரிதான். அந்த வீட்டுக்குள் படம் எந்த வழியாக வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கோணாமலைதான். எண்பத்தாறில் சைக்கிள் கரியரில் டிவியை வைத்துப் போர்வையால் சுற்றிக் கட்டி, வீடியோ டெக்கை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவன் பின்னால் நடந்துவர, வாடகைக்குக் கொண்டுவந்தார். மூன்று படம். ஒழுங்கைச் சனம் முழுவதும் முற்றத்தில் உட்கார்ந்தது. பிறகு தோளில் வைத்துப் பிடிக்கிற பெரிய கமரா ஒன்றை வாங்கி, கலியாணம், சாமத்திய வீடு, செத்தவீடு எல்லாவற்றையும் கசட்டில் எடுத்தார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கசட்டுகளைத் துணிக்குள் சுற்றி, பயணம் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்பாவின் செத்தவீட்டுக் கசட்டும் அப்படித்தான் ரதீசுக்குப் போனது. அது கனடா டெக்கில் ஓடவில்லை. வெறும் கோடுகள்தான் ஓடின. அங்கே வேறு முறையாம். ஒரு கடையில் கொடுத்து மாற்றி எடுத்து அவன் பார்ப்பதற்கு ஆறு மாதமானது. அந்த ஆறு மாதமும் தம்பி ஏன் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்று கேதீஸ்வரி யோசித்துக்கொண்டிருந்தாள்.

கசட்டுக் காலம் முடிய, கோணாமலை சந்தியில் சீடிக் கடை போட்டார். அது படுத்ததும் கூரைகளில் ஏறி டிஷ் பூட்டினார். கட்டிலில் கிடந்த மூன்று வருடமும் அம்மா நாடகம் பார்த்தது அந்த டிஷ்ஷில்தான். டிஷ் வந்த புதிதில் பொழுதுபட நூலகத்திலிருந்து வருகிறபோது, சந்தியில் கேட்கத் தொடங்கிய நாடகத்தை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். வீட்டுப் படலையைத் திறக்கிறபோது ஒரு வசனமும் தப்பியிருக்காது. இப்போது ஒழுங்கை பேசுவதில்லை. எல்லா வீட்டிலும் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு போன், காதுக்குள் வயர். வீட்டு டிஷ்ஷில் மைனா கூடு கட்டியிருந்தது.

"இந்த முறை கூரையில ஏறத் தேவையில்ல" என்றபடி கோணாமலை பெட்டியைப் பிரித்தார். உள்ளே கோழிமுட்டையை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக ஒன்று இருந்தது. நடுவில் கறுப்புக் கண்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். அந்தக் காலத்தில நான் தூக்கின கமராவ நினைச்சுப் பாரு. தோள்பட்டை இன்னும் ஒரு பக்கம் பதிஞ்சுதான் இரிக்கி. இது சுத்தியும் பாக்கும், இருட்டிலயும் பாக்கும். இதுக்குள்ளால உண்ட தம்பி கதைக்கவும் ஏலும்."

"நான் என்ன செய்யவேணும்?"

"நீ ஒண்டும் செய்யத் தேவையில்ல. போட, நிப்பாட்ட, திருப்ப, எல்லாம் அவண்ட போன்ல. நீ உண்ட பாட்டில இரி."

அவள் அந்தக் கறுப்புக் கண்ணைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

தேத்தண்ணி போட உள்ளே போனாள். கேத்தல் கொதிக்கிற வரைக்கும், அம்மாவின் செத்தவீட்டன்று இதே வாசலில் தான் நின்ற நிலை நினைவுக்கு வந்தது. அப்பா சாகும்போது ரதீசிடம் கடவுச்சீட்டு இல்லை. அவனால் வர முடியாது. அம்மாவுக்கு வந்திருக்கலாம். "நான் வாறதுக்குள்ள மூண்டு நாளாகும் அக்கா. அம்மாவ வச்சிருக்க வேணாம். நான் லைவில பாக்கிறன்" என்றான். மற்றவர்களிடம் கொடுத்தால் போனைக் கண்டபடி திருப்புவார்கள் என்று அவளையே பிடிக்கச் சொன்னான். அவளும் பிடித்தாள். அம்மாவைக் குளிப்பாட்டி முடித்ததிலிருந்து பிடித்தாள். சுண்ணம் இடிக்கிறபோது பிடித்தாள். வாய்க்கரிசி போட அவளுடைய முறை வந்தபோது இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் போட்டாள். பெட்டியை மூடித் தூக்கியபோது உடம்பு உதறத் தொடங்கியது. போனுக்குள்ளிருந்து தம்பியின் குரல் மெதுவாக வந்தது: "அக்கா, படம் ஆடுது."

மற்றக் கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். படம் ஆடவில்லை. அழுதால் ஆடும் என்பதால் அழவில்லை. பிறகு அழலாம் என்று வைத்தாள். நாற்பத்தேழு நாளாக அந்தப் பிறகு வரவில்லை.

கோணாமலை டிவியின் பின்னால் குனிந்திருந்தார்.

"வைஃபை வருது. வேகம் காணுமா எண்டு பாக்கவேணும். யூடியூப்பில என்னத்தையாவது போட்டுக் காட்டு பாப்பம், பெரிசா ஏதும் இரிக்கா?"

பெரிதாக ஒன்று இருந்தது. ரதீசின் மகள் சுதர்சனா, முப்பத்தோராம் நாளுக்காக ஒரு நினைவுப் படம் செய்து, குடும்பத்தார் மட்டும் பார்க்கும்படி யூடியூப்பில் போட்டிருந்தாள். இருபத்தெட்டு நிமிடம். இணைப்பு கேதீஸ்வரியின் வட்ஸ்அப்பில் பதினாறு நாளாகக் கிடந்தது. தனியாக இருந்து பார்க்கத் துணிவு வரவில்லை. கோணாமலை அண்ணனும் இருக்கிறார், பகல் வெளிச்சமும் இருக்கிறது, பார்க்கலாம் என்று பட்டது. போனை நீட்டினாள். அவர் அதைத் தட்டி டிவிக்கு ஏற்றினார்.

அம்மா வந்தாள். வெள்ளைச் சேலையில், கட்டிலில், டிஷ் வந்த முதல் நாள் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. பிறகு குளிசை குடிக்க மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டு. எல்லாமே கேதீஸ்வரி போனில் எடுத்து அனுப்பியவை. ஒரு படத்தின் ஓரத்தில் விரல் ஒன்று மறைத்தபடி இருந்தது. அது அவளுடைய விரல். "அம்மா, இஞ்ச பாருங்க" என்கிற குரல் அவளுடையது. கோயில் தேர், வீட்டுக்கு ஓடு மாற்றியது, வெள்ளம் வந்து முற்றம் ஆறோடு சேர்ந்தது, எல்லாம் வந்தன. ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லோரும் வந்தார்கள். செத்துப்போன நாய் கூட வந்தது.

"உன்னைக் காணல்லயே புள்ள" என்றார் கோணாமலை.

"நான்தானே எடுக்கிற."

"அப்பவும் அப்படித்தான். கலியாண வீடுகளில என்னைக் கண்டா தூணுக்குப் பின்னால போயிருவாய். உன்னை எடுக்கோணுமெண்டு நான் எத்தின கசட்டு..." என்றவர், வசனத்தை முடிக்காமல் தேத்தண்ணியைக் குடித்தார்.

திரையில் படம் மாறியது. நிறம் மங்கி, ஓரங்கள் நடுங்கின. பழைய கசட்டிலிருந்து எடுத்தது. அப்பாவின் செத்தவீடு. தொண்ணூற்றெட்டு. பறைமேளம் அடிக்கிற ஓசை டிவிக்குள்ளிருந்து வந்தபோது கோணாமலை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நான் எடுத்தது. பாரு, என்ன தெளிவு! இருபத்தேழு வருசம்" என்றார்.

அப்பாவின் கால்மாட்டில் பெண்கள் இருந்தார்கள். அம்மா தலைவிரி கோலமாக இருந்தாள். கமரா ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு போய், திடீரென்று தரையைக் காட்டியது, யாருடையவோ காலைக் காட்டியது, ஒரு குலுக்கு. பிறகு அசையாமல் நின்றது.

அது பழைய குசினி. படம் கொஞ்சம் சரிந்திருந்தது. கமராவை மேசையில் வைத்திருக்கிறார்கள். முன்னால் ஒரு சுளகின் விளிம்பு. அதற்கப்பால் நெருப்பில்லாத அடுப்பு. பிணம் எடுக்கும் வரைக்கும் செத்தவீட்டில் அடுப்பு எரிக்கக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் கிரியைக்கென்று கொண்டுவந்து வைத்த தேங்காய்களும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தாறு வயது. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பழத்தில் ஒன்றைப் பிய்த்து, தோலை உரித்து, இரண்டு வாயில் விழுங்கினாள். இன்னொன்று. அதற்கு இடையில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். வெளியே பறை அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பழத்தை மெல்லாமலே விழுங்கினாள் போல. தொண்டை ஏறி இறங்கியது தெளிவாகத் தெரிந்தது. தோல்களை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். பிறகு அங்கேயே, ஒன்றும் செய்யாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீண்ட நேரம் நின்றாள்.

படத்தின் கீழே மஞ்சள் எழுத்து வந்தது: எங்கட வாழைப்பழ மாமி. பக்கத்தில் சிவப்பு இதயம் ஒன்று.

கேதீஸ்வரி அந்த எழுத்தைத் திரும்ப வாசித்தாள்.

அப்பா நான்கு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். அந்த நான்கு நாளும் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை; சாப்பிடச் சொல்ல யாருக்கும் நினைவில்லை. அந்த மூன்று பழத்தையும் இருபத்தேழு வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. அப்பாவின் கிரியைக்கு வைத்ததைத் தின்றவள் என்பது அவளுக்கும் சாம்பலுக்கும் மட்டும் தெரிந்த விடயம். விரதம் பிடித்தாள். கோயிலுக்கு வருடம் ஒரு குலை கொடுத்தாள், எதற்கென்று சொல்லாமல்.

பிள்ளைகள் அவளை வாழைப்பழ மாமி என்று கூப்பிடுவது, வீட்டுக்குப் பின்னால் நிற்கிற வாழைகளால் என்று நம்பியிருந்தாள். அப்போது சுதர்சனாவுக்கு நாலு வயது; கம்பியூட்டரில் கதைக்கிற காலம். "வாழைப்பழ மாமி!" என்று அந்தக் குழந்தை கத்திச் சிரித்தபோது, நான் மரத்தைக் காட்டினேனே, அதனால்தான் என்று இவளும் சிரித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு குலையையும் அவர்களுக்குப் படம் பிடித்து அனுப்பினாள். கதலி வாழையோடு இதரையும் நட்டாள், பிறகு கோழிக்கூட்டு வாழையும் நட்டாள். கச்சான் காற்றுக்கு மரம் சாயாமல் முட்டுக் கொடுத்தாள். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தன்னை நினைக்க ஒரு பேர் இருக்கிறது என்று, படுக்கப் போகிறபோது சில நாள் அதைத் தனக்குள்ளே சொல்லிப் பார்த்ததும் உண்டு.

கோணாமலை டிவியை நிப்பாட்டினார்.

"நான் சோடா குடிக்க வந்தன். மேசையில வச்சன். நிப்பாட்டித்தான் வச்சன் தங்கச்சி."

அவள் கறுத்த திரையைப் பார்த்தாள்.

"ஒரே பட்டன். அமத்தினா ஓடும், திரும்ப அமத்தினா நிக்கும். கண் வைக்கிற இடத்தில ஒரு சிவப்புப் பொட்டு எரியோணும். அது அந்தக் கமராவில எரியிறல்ல. கைக்கணக்குத்தான். ரெண்டு தரம் அமத்துப்பட்டிரிக்கி போல." அவர் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். திடீரென்று நிறுத்தினார். "அப்ப மறுகா, அதுக்குப் பிறகு? பிரேதம் எடுக்கப் போறாங்க எண்டு கூப்பிட்ட நேரம் நான் ஓடி வந்து அமத்தினன். அப்ப அது நிண்டிருக்கும். அப்பாவத் தூக்கினது, படலை தாண்டினது, எல்லாத்தையும் நான் முன்னால பின்பக்கமா நடந்து நடந்து எடுத்தன் புள்ள. தண்ணிக் கானுக்குள்ள விழப் போனன். அது ஒண்டும் விழல்லயா?"

அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கசட்டை அவள் பார்த்ததே இல்லை. எடுத்த மறுநாளே கொழும்புக்குப் போகிறவர் கையில் அது போய்விட்டது, திரும்பி வரவில்லை.

போன் அடித்தது. ரதீஸ்.

திரையில் அவன் முகம் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அங்கே படுக்கிற நேரம். பழக்கத்தில் அவள் போனைப் பின்பக்கக் கமராவுக்கு மாற்றி, ஹோலைக் காட்டினாள்.

"பூட்டியாச்சா அக்கா? எங்க, கட்டிலடியைக் காட்டு. கோணாமலை அண்ணன், சுகமா?"

கோணாமலை எழுந்து நின்றார். "தம்பி, உண்மையச் சொல்லு. அப்பாட கசட்டில குசினிக்குப் பிறகு என்ன இரிக்கி?"

ரதீஸ் கண்ணைக் கசக்கினான்.

"இருட்டு அண்ணன்" என்றான் ரதீஸ். "கமரா பைக்குள்ள இரிந்திரிக்கி. ஆக்கள் கதைச்சுக்கிட்டு வாறது மட்டும் கேக்கும். சுடலையில இருந்து திரும்பி வாறீங்க போல. ஆரோ ஒராள் இறால் பிடிபடுறதப் பத்திக் கதைக்கிறார்."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்லி? நீங்க பாவம். காசும் வாங்கல்ல அண்டைக்கு."

கோணாமலை விறாந்தைக்குப் போய், படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கேதீஸ்வரி போனை இன்னும் கட்டில் பக்கமே பிடித்திருந்தாள்.

"நீயும் பாத்தியா அக்கா? சுதாட படத்த?"

"இப்பதான்."

"கோவிக்காத. அவ பகிடிக்குத்தான் அப்படி எழுதினது."

"எப்ப இருந்து பாக்கிறீங்க அத?"

"எத?"

"நான் திண்டத."

அவன் எழுந்து உட்கார்கிற சத்தம் கேட்டது. "அக்கா, அப்பா போறதப் பாக்கலாமெண்டு ஆறு மாசம் காத்துக்கிட்டிருந்தன். போட்டா நீ வந்தாய். முதல் நாள் எனக்கு விசர் வந்தது. மறுகா... எனக்கிட்ட உண்ட படம் வேற ஒண்டும் இல்ல. எல்லாத்திலயும் நீ எடுக்கிற ஆள். அதில மட்டும்தான் நீ இருக்கிறாய். நாலு நிமிசம். இஞ்ச ஒரு அறையில நான் தனிய இருந்த காலத்தில வேலையால வந்து அதைத்தான் போடுவன். நீ சாப்பிட்டா நானும் சாப்பிடுவன். மறுகா கலியாணம் கட்டி, புள்ளையள் பிறந்து, அதுகளும் பாத்துதுகள். அதுகளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பில்ல."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். எங்கோ ஒரு குளிர் தேசத்து அறையில், அவளைப் போலவே தனியாக ஒருவன் உட்கார்ந்து, அவள் பசியைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறான். அவளுக்குத் துணை ஒன்று இருந்திருக்கிறது, அவளுக்குத் தெரியாமல். தெரியாமல் இருந்த துணை துணையா என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்தக் குசினியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் ஒருவரும் வந்து, என்ன புள்ள, பசிக்குதா என்று கேட்கவில்லை. ஆயிரம் தரம் அவளைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தரமும் கேட்கவில்லை. இனிமேலும் இந்தக் கதிரையில் அவள் உப்பில்லாமல் சாப்பிடுவாள். அங்கே தெளிவாகத் தெரியும். ஆனால் உப்பில்லை என்பது தெரியாது.

"அப்பா போனது எனக்கு ஞாபகம் இரிக்கி" என்றாள். "படலை ஒடுக்கம். பாடையச் சரிச்சுத்தான் எடுத்தாங்க. அப்பாட ஒரு கை வெளிய வந்திட்டு. அம்மா ஓடிப்போய் அத உள்ளுக்க வச்சவ."

"நீ சொல்லல்லயே அக்கா ஒரு நாளும்."

"நீ கசட்டுல பாத்திருப்பாய் எண்டு நினைச்சன்."

போனுக்குள் எங்கோ ஒரு கார் போனது. வெளியே கோணாமலை மூக்கைச் சிந்தினார்.

"சரி அக்கா" என்றான் ரதீஸ் கடைசியில். "அண்ணனைப் பூட்டச் சொல்லு. கதவு மூலையில வச்சா எல்லாம் விழும் எண்டு நினைக்கிறன். நான் இனி ஒவ்வொரு நாளும் பாப்பன்."

அவள் கதவு மூலையைப் பார்த்தாள். சரியான இடம்தான். அவளும் காலையில் அதைத்தான் நினைத்தாள். கதிரையில் உட்கார்ந்தாள். போனின் அடியில் இருந்த வட்டத்தைத் தொட்டு, கமராவை முன்பக்கத்துக்குத் திருப்பினாள். சின்னச் சதுரத்துக்குள் ஒரு பெண்ணின் முகம் வந்தது. தலை வாரியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. படம் ஆடியது. அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.

"அக்கா, அழுறியா?"

"ஓம்."

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அவன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கமரா வேணாம் தம்பி" என்றாள்.

"ஏன்? இவ்வளவு தூரம் வந்து... ஒரு மாசத்துக்கெண்டாலும் இருக்கட்டும். எனக்கு நித்திரை வராது அக்கா, நீ அங்க தனிய."

"தெரியும்."

"அப்ப பூட்டச் சொல்லட்டா?"

விறாந்தைப் படியில் கோணாமலை திரும்பி அவளைப் பார்த்தார். மேசையில் அந்த வெள்ளை முட்டை கூரையைப் பார்த்தபடி கிடந்தது. கேதீஸ்வரி அதை எடுத்து, வந்த பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சொருகினாள்.

"வேணாம் மனே" என்றாள். "பாக்க வேணுமெண்டா என்னைக் கேளு."